சீனத்துப் பழைய ஊர்களில் ஒரு தமிழ்த் தடம்

நேயர்களே, விடியற்காலையில் எங்கள் மலையகத்து வீடுகளில் முதலில் ஒலிக்கும் சொல்லிலே ஒரு சீனச் சொல் கலந்திருக்கிறது என்றால் நீங்கள் நம்பத் தயங்கலாம். 'தேத்தண்ணி' என்கிறோம், 'தேயிலை' என்கிறோம். தண்ணியும் இலையும் நம்முடையவை. அவற்றின் முன்னே நிற்கும் 'தே' மட்டும் தென்சீனத்தின் பூஜியன் கரையோர மக்கள் பேசும் மின்னான் மொழிக்குரியது. அக்கரையில் தேயிலையை வாங்கிக் கப்பலேற்றிய ஒல்லாந்தர் சரக்கோடு சொல்லையும் சேர்த்து ஏற்றினர். சீனத்தின் ஏனைய பகுதிகளில் வழங்கும் 'சா' என்ற சொல்லோ, பெரும்பாலும் தரைவழியே பாரசீகம் சென்று, அங்கே 'சாய்' ஆகி, நம் கடைத்தெருவுக்கு வந்தபோது 'சாயா' ஆயிற்று. சரக்கு எவ்வழி சென்றதோ அவ்வழியே சொல்லும் சென்றது. வரலாற்றை ஆராய்வோர் கல்வெட்டையும் நாணயத்தையும் தேடுமுன்னர் நாவில் கிடக்கும் சொல்லையும் ஒருமுறை தட்டிப் பார்ப்பது நல்லது.

சென்ற ஆண்டு, கண்டியிலிருந்து குடும்பம் குடும்பமாகப் புறப்பட்ட ஒரு சுற்றுலாக் குழுவில் அந்தப் பூஜியன் மாகாணத்துப் பழைய ஊர்களைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மடுல்கெல்லையிலிருந்து நான், மனைவி, மகள், எழுபத்திரண்டு வயதான என் தாயார் என நால்வர். வத்தேகமையிலிருந்தும் அக்குறணையிலிருந்தும் சிங்கள, முஸ்லிம் குடும்பங்கள். ஆக மொத்தம் இருபத்து மூவர். சியாமென் நகரில் இறங்கி, சுவான்சோ, ஆன்சி, யோங்திங் என்று ஊர் ஊராகப் போனோம். குழுவிலிருந்தோர் பெரும்பாலும் இயற்கைக் காட்சிகளையும் கடைத்தெருக்களையும் நாடி வந்தவர்கள். தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் எனக்கு வேறொரு நாட்டமும் இருந்தது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் தமிழிலே ஒரு கல்வெட்டு எழுதப்பட்ட நகரம் சுவான்சோ என்பதை நூல்வழி அறிந்திருந்தேன். அந்த மண்ணை ஒருமுறை மிதித்துப் பார்க்க வேண்டும் என்பதே அந்நாட்டம்.

சுவான்சோவின் மேற்குத் தெரு இன்றும் பழைய அழகு குன்றாதது. செங்கல் வீடுகளின் கூரை முகடுகள் இருபுறமும் தகைவிலான் குருவியின் வாலைப்போல் பிளந்து மேல்நோக்கி வளைந்திருக்கின்றன. அத்தெருவிலேதான் 686ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கையுவான் பௌத்த விகாரை இருக்கிறது. அதன் முன்றிலில் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு கற்கோபுரங்கள் நாற்பது மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் எழுந்து நிற்கின்றன. எங்கள் குழுவிலிருந்த சிங்கள அன்பர்கள் புத்தபிரானை வணங்கச் சென்றனர். நான் பெருமண்டபத்தின் பின்புறத்துக்குச் சென்றேன். அங்கே, சீனத் தூண்களுக்கிடையில், பதினாறு பட்டைகள் கொண்ட இரண்டு கற்றூண்கள் உள்ளன. ஒன்றில் இரணியனை மடியிற் கிடத்திய நரசிங்கம். ஒரு வட்டத்தில் இரு மரங்களுக்கிடையே உரலோடு தவழும் கண்ணன். நம் ஊர்ப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை, சீனத்து விகாரையொன்றின் தூணில் இருக்கிறது.

இவை எங்கிருந்து வந்தன? சோங், யுவான் அரச மரபுகளின் காலத்தில், அதாவது ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டு முதல் பதினான்காம் நூற்றாண்டு வரை, சுவான்சோ உலகின் தலைசிறந்த துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கிற்று. அராபியர் அதனை 'ஸைத்தூன்' என்றனர். மார்க்கோ போலோ 1292ஆம் ஆண்டளவில் இங்கிருந்தே தாயகம் நோக்கிக் கப்பலேறினார். பின்னர் இபின் பதூதாவும் இத்துறைமுகத்தை வியந்து எழுதினார். 1009ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கற்பள்ளிவாசல் இன்றும் இங்கே உண்டு. எங்கள் குழுவின் அக்குறணை அன்பர்கள் அங்கே நெடுநேரம் நின்றனர். இத்தகைய நகரில் தமிழ் வணிகரும் இருந்தனர் என்பதற்குச் சான்று 1956ஆம் ஆண்டு கிடைத்தது. தமிழும் சீனமும் பொறிக்கப்பட்ட ஒரு கல் அது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம் என்று நாள் குறித்திருக்கிறது. நம் கணக்கில் அது 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசை கான் என்னும் மங்கோலிய மன்னரின் உடல்நலத்தின் பொருட்டு, அம்மன்னரின் ஆணையோடு, ஒரு சிவாலயத்தில் திருவுருவம் எழுந்தருளச் செய்தார் என்பது செய்தி. அவ்வாலயம் இன்றில்லை. அதன் கற்களெனக் கருதப்படுவன நகரெங்கும் சிதறிக் கிடைத்துள்ளன. இலிங்கத்துக்கு மலர் சொரியும் யானை ஒன்றில். பால் சொரியும் பசு இன்னொன்றில். கையுவான் விகாரையின் இரு தூண்களும் அவ்வாறு இடம்பெயர்ந்து வந்தவையே என்பது அறிஞர் கருத்து.

இக்கல்வெட்டு திடீரென முளைத்த அதிசயமன்று. அதற்கு முன்னே ஒரு நீண்ட வழி இருக்கிறது. இராசராச சோழன் அனுப்பிய தூதுக்குழு 1015ஆம் ஆண்டு சீன அரசவையை அடைந்ததைச் சீனர் குறித்து வைத்துள்ளனர். 1033ஆம் ஆண்டும் 1077ஆம் ஆண்டும் சோழநாட்டுத் தூதுகள் மீண்டும் சென்றன. தாய்லாந்தின் தக்குவாபாவில் மணிக்கிராமத்து வணிகரைக் குறிக்கும் தமிழ்க் கல்வெட்டும், சுமாத்திராவின் பாரூஸில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐநூற்றுவர் கல்வெட்டும் கிடைத்திருக்கின்றன. நம் நாட்டிலும் நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு உண்டு. ஊர்காவற்றுறைக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்கள் உடைந்தால் சரக்கில் அரசுக்கு எத்தனை பங்கு, உடையவனுக்கு எத்தனை பங்கு என்பதை அது வகுத்துச் சொல்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பலாயின் காற்பங்கு அரசுக்கு. வேறு சரக்காயின் அரைப்பங்கு. அவ்வூருக்கு அருகே அல்லைப்பிட்டியில் சோங் காலத்துச் சீன மட்பாண்டங்கள் கிடைத்தமையையும், யாப்பகுவையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சீன நாணயங்கள் கிடைத்தமையையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். தென்னிந்தியா, இலங்கை, சுமாத்திரா, சீனம் என்பன ஒரே கடற்பாதையின் வெவ்வேறு தங்குமடங்களாய் இருந்தன.

போனவர் நம்மவர் மட்டுமல்லர், வந்தவரும் உண்டு. நாகப்பட்டினத்தில் செங்கல்லால் ஆன உயர்ந்த கோபுரம் ஒன்று இருந்ததென்றும், அது 1267ஆம் ஆண்டில் முடிந்ததெனச் சீன எழுத்தில் பொறித்திருந்ததென்றும் வாங் தாயுவான் என்ற சீனப் பயணி பதினான்காம் நூற்றாண்டில் எழுதினார். நாகப்பட்டினக் கடற்கரையில் 'சீனக் கோபுரம்' என வழங்கிவந்த கட்டடம் அதுவே என ஆய்வாளர் பலர் கருதுவர். அக்கோபுரம் 1867ஆம் ஆண்டில் இடித்து அகற்றப்பட்டது. இந்த ஆண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மலையகத்துப் பிள்ளைகளுக்கு அது வேறொரு காரணத்தால் மனப்பாடமான ஆண்டு. அதற்குப் பின்னர் வருகிறேன்.

அதற்கும் முன்னே, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஹியான் என்ற சீனத் துறவி அநுராதபுரத்தில் இரண்டாண்டு தங்கினார். சீனத்தை விட்டுப் புறப்பட்டு அப்போது பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. கூட வந்தவர்களில் சிலர் இறந்தனர், சிலர் திரும்பினர். ஒரு நாள் அபயகிரி விகாரையின் புத்தர் சிலை முன்னே வணிகன் ஒருவன் சீனத்து வெண்பட்டு விசிறியொன்றைக் காணிக்கையாக வைத்திருந்ததைக் கண்டு, தம்மை அறியாமல் கண்ணீர் வடித்ததாக அவரே எழுதியிருக்கிறார். பேரரசர்களின் தூதுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். ஊரைப் பிரிந்தவனின் நெஞ்சைக் காட்டும் ஒரு விசிறி, அப்பக்கங்கள் எல்லாவற்றையும் விட என்னைத் தொடுகிறது. கடல் கடந்த பரம்பரையில் பிறந்தவர்களுக்கு அது விளங்கும்.

இவ்விடத்தில் ஒரு எச்சரிக்கையும் தேவை. சீனம் என்றதும் நம்மவர் பலர் போதிதருமரை முன்னிறுத்துகின்றனர். காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர், தற்காப்புக் கலையைச் சீனருக்குக் கற்பித்தவர் என்ற கதை 2011ஆம் ஆண்டு வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படத்துக்குப் பின் பள்ளிப் பிள்ளைகளின் வாயில் வரலாறாகவே ஆகிவிட்டது. ஆறாம் நூற்றாண்டுச் சீனக் குறிப்புகளில் ஒன்று அவரைப் பாரசீகத் துறவி என்கிறது. மற்றொன்று தென்னிந்திய மன்னன் ஒருவனின் மூன்றாவது மகன் என்கிறது. பல்லவர் என்பதும் காஞ்சி என்பதும் பிற்காலத்தில் ஏறிய செய்திகள். கல்லில் எழுதிய சம்பந்தப் பெருமாள் நம் கையிலிருக்க, கதையில் எழுதியவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. உள்ள பெருமையே போதும். ஊதிப் பெருக்கிய பெருமை ஒரு கேள்வியிலேயே உடைந்துவிடும்.

இனி, சுவான்சோவில் வாழ்ந்த அந்த வெளிநாட்டார்க்கு நேர்ந்ததென்ன? 1357ஆம் ஆண்டு அங்கே பெருங்கலகம் மூண்டு ஏறத்தாழப் பத்தாண்டு நீடித்தது. முடிவில் அந்நியர் எனப்பட்டோர் தேடித் தேடிக் கொல்லப்பட்டனர். வழிபாட்டிடங்கள் பாழாயின, கற்கள் நகர மதிலுக்கும் பாலத்துக்கும் போயின. பல தலைமுறையாக வாழ்ந்த ஊரில் ஒரே காலகட்டத்தில் அந்நியராகிவிடுவது எப்படி என்பதை 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்தைப் பெற்றோர் வாயிலாகக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. ஆயினும் சுவான்சோவை அடுத்துள்ள ஒரு கிராமத்தில் நான்கு கரங்களையுடைய கற்சிலையொன்றை மக்கள் குவான்யின் என்ற கருணைத் தெய்வமாக இன்றும் ஊதுவத்தி ஏற்றி வணங்குகின்றனர். இந்துக் கோயிலொன்றில் இருந்த உருவம் அது என்கின்றனர் ஆய்வாளர். கோயில் போயிற்று, குடிகள் போயினர், தெய்வம் மட்டும் பெயர் மாற்றிக்கொண்டு அவ்வூர்க்காரியாகவே தங்கிவிட்டது.

சுவான்சோக் கல்வெட்டுக்கு நம் நாட்டில் ஓர் உடன்பிறப்பு உண்டு. 1911ஆம் ஆண்டு காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்த கற்பலகையைப் பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தார். இப்போது கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது. மிங் பேரரசர் யோங்லேயின் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல் அது. 1409ஆம் ஆண்டு நாளிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுதப்பட்டது. சீன வாசகம் காணிக்கைகளைப் புத்தருக்குப் படைக்கிறது. தமிழ் வாசகம், இன்று தெவுந்தர எனப்படும் தெனாவரையில் கோயில் கொண்டிருந்த நாயனாருக்குப் படைக்கிறது. பாரசீக வாசகம் இஸ்லாமிய மரபுக்குரியது. பொன் 1000, வெள்ளி 5000 என்று தொடங்கி, பட்டும் வாசனை எண்ணெயும் தூபக்கலமும் என மூன்றிலும் காணிக்கைகள் நிரல்பட வருகின்றன. ஒரு சாராருக்குக் கூடவும் இல்லை, ஒரு சாராருக்குக் குறையவும் இல்லை.

இக்கல்லைக் காட்டித் தமிழின் பெருமையைப் பேசும்போது இரண்டு செய்திகளை மறைக்கலாகாது. முதலாவது, இதில் சிங்களம் இல்லை. மண்ணின் பெரும்பான்மையோர் மொழி அக்கல்லில் இடம்பெறாமைக்குக் காரணம், அது கடல் வணிகருக்குச் சொன்ன செய்தி என்பதே. அன்று இக்கடலில் தமிழும் பாரசீகமும் வணிகப் பொதுமொழிகள். ஆகவே அந்தக் கல்லை இன்றைய மொழிச் சண்டைக்கு ஆயுதமாக்குவது, அதை எழுதியவர் கருத்துக்கும் பொருந்தாது, நமக்கும் அழகாகாது. இரண்டாவது, காணிக்கையோடு வந்த அதே கடற்படை அழகக்கோனார் என்ற ஆட்சியாளரோடு போர் தொடுத்து, அவரைக் குடும்பத்தோடு சிறைப்பிடித்து 1411ஆம் ஆண்டு சீனத்துக்குக் கொண்டு சென்றது. பேரரசர் பின்னர் அவரை விடுவித்தார். கொடையும் படையும் ஒரே கப்பலில் வருவது நாம் அறியாத புதுமையன்று. தெனாவரைக் கோயிலையோ 1588ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் அழித்தனர். அதற்கு முன்பு, 1344ஆம் ஆண்டில் அதைக் கண்ட இபின் பதூதா, ஆளுயரப் பொற்சிலையையும் அதன் கண்களில் பதித்த மாணிக்கங்களையும் பற்றி எழுதியிருக்கிறார்.

அன்றிரவு உணவு வேளையில் இவற்றைக் குழுவினருக்குச் சொன்னேன். எல்லாரும் அமைதியாகக் கேட்டனர். வத்தேகமையிலிருந்து வந்த சிங்கள ஆசிரியை ஒருவர், "சேர், அந்தக் கல்லை எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும்" என்றார். என் தாயார் மட்டும் சிறிது நேரம் கழித்து என்னிடம் மெல்லக் கேட்டார்: "அது சரி தம்பி, கப்பல்ல போன அந்தப் பெரிய ஆளுக பேரெல்லாம் கல்லுல இருக்கு. அந்தக் கப்பலுக்கு மூட்டை தூக்குனவங்க பேரு இருக்குதா?"

நேயர்களே, வரலாற்றுத் துறையில் பெரிய நூல்கள் எழுப்பும் வினாவை ஒரு தோட்டத்துத் தாய் இரண்டு வாக்கியங்களில் எழுப்பிவிட்டார். சம்பந்தப் பெருமாள் செல்வர். ஐநூற்றுவர் அரசர்க்கு நிகராய் விருதுகள் பூண்டவர். எங்கள் முன்னோர் அக்கப்பல்களில் போனவரல்லர். 1820களில் தொடங்கி, பஞ்சத்தாலும் கடனாலும் தள்ளப்பட்டு, கங்காணிமார் பின்னே வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து, கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் தப்பியவர்கள் நக்கிள்ஸ் மலையடிவாரத்துக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். மடுல்கெல்லையும் அவ்வாறு உருவான ஊரே. அவர்களுக்குக் கல்வெட்டு இல்லை. செக்ரோல் புத்தகம் உண்டு. அதில் அவர்கள் பெயர், நாட்சம்பளத்துக்கும் கடனுக்கும் எதிரே எழுதப்பட்ட ஒரு குறிப்பு.

இந்த எண்ணத்தோடு யோங்திங் மலைப்பகுதிக்குப் போனபோது அங்கு கண்ட வீடுகள் வேறு பொருள் தந்தன. 'துலோ' எனப்படும் மண்கோட்டை வீடுகள் அவை. வட்டமாகவோ சதுரமாகவோ, மண்ணை இடித்து இறுக்கிய தடித்த சுவர்களுடன், மூன்று நான்கு மாடிகளாக எழுந்தவை. அவற்றுள் 46 கட்டடங்களை யுனெஸ்கோ 2008ஆம் ஆண்டு உலக மரபுரிமையாக ஏற்றது. ஒரு வீட்டில் 800 பேர் வரை வாழ்ந்தனர். நாங்கள் கண்ட செங்சி லோ என்ற வீடு 1709ஆம் ஆண்டு முடிக்கப்பட்டது. வளையத்துக்குள் வளையமாக நான்கு சுற்று. கீழே சமையல், அதன்மேல் தானியம், மேல்மாடிகளில் படுக்கை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அடி முதல் முடி வரை செங்குத்தாக ஒரு பங்கு. எவருக்கும் பெரிய அறையுமில்லை, சிறிய அறையுமில்லை. நடுவே முன்னோர் மண்டபம்.

இவ்வீடுகளிற் பலவற்றைக் கட்டியவர் ஹக்கா மக்கள். அப்பெயருக்கு 'விருந்தினர் குடும்பங்கள்' என்பது பொருள். வடசீனத்திலிருந்து பல நூற்றாண்டுகளாகப் பெயர்ந்து வந்தவர்களை முன்னரே குடியிருந்தோர் இட்டழைத்த பெயர் அது. வந்தேறிகள் என்று அழைக்கப்பட்ட மக்கள் அப்பெயரையே தம் இனப்பெயராகச் சூடி, நிலத்திலிருந்து எடுத்த மண்ணாலேயே, எவரும் வெளியேற்ற முடியாத வீட்டைக் கட்டிக்கொண்டனர். குலத்தின் பெயர்வரிசை எழுதிய ஏட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர்.

என் மகள் அந்த வட்ட முற்றத்தில் நின்று, "அப்பா, இதுவும் லயம் மாதிரிதானே? வரிசையா ஒரே மாதிரி காம்பராக்கள்" என்றாள். பார்வைக்கு அப்படித்தான். வேற்றுமை எங்கே என்பதை எண்ணிப் பார்த்தேன். எங்கள் லயங்களிலும் வரிசையாக ஒரேயளவு அறைகள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவும், முன்னே ஓர் இஸ்தோப்பும். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களும் உண்டு. அங்கே சமத்துவம் குலத்தார் தாமே வகுத்த நீதி. இங்கே அது துரைமார் போட்ட கணக்கு. துலோவின் நடுவே முன்னோர் மண்டபம் இருக்கிறது; லயத்தை நோக்கிப் பார்த்தால் பெரட்டுக்களம் தெரிகிறது. அவர்கள் 300 ஆண்டு பழமையான வீட்டின் உரிமையாளர். நாமோ 200 ஆண்டு வாழ்ந்த பின்னரும், அநேக தோட்டங்களில், வீடிருக்கும் மண்ணுக்கு உறுதி இல்லாதவர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தோம். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் பங்கிடப்பட்டோம். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு குடியுரிமைப் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. காணியுரிமை இன்னும் கேள்வியாகவே நிற்கிறது. விருந்தினர் என்ற சொல்லைச் சுமந்த இரு மக்களின் கதைகள் எந்த இடத்தில் பிரிகின்றன என்பதை அம்முற்றத்திலே கண்டேன்.

அடுத்த நாள் ஆன்சி மலைச்சரிவுகள். நிர்வாக முறையில் இப்பகுதி சுவான்சோ நகரைச் சேர்ந்தது. 'இரும்புக் குவான்யின்' என்ற பெயர்பெற்ற ஊலோங் தேயிலையின் பிறப்பிடம் இது. தமிழ்க் கல்வெட்டு எழுந்த ஊருக்கே உரிய மலைகளில் தேயிலை விளைவதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட உணர்வைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாற்பது வருடம் கொழுந்து பறித்த என் தாயார் நேரே செடியருகே போனார். அங்குள்ள பெண்கள் மொட்டு விரிந்து முற்றிய பின்னர் மூன்று நான்கு இலைகளோடு சேர்த்துக் கிள்ளினர். ஊலோங் தேயிலைக்கு அப்பக்குவமே வேண்டும். தாயார் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "இவ்வளவு முத்துன இலையா! நம்ம கங்காணி பாத்திருந்தா அப்படியே கொட்டச் சொல்லியிருப்பாரு" என்றார். பிறகு தம் கையால் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி அந்தப் பெண்களுக்குக் காட்டினார். அவர்கள் சிரித்துக்கொண்டே அவர் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தனர். தேயிலைக் கறையும் வெடிப்பும் படிந்த விரல்கள். அவர்களின் விரல்களும் அப்படியே இருந்தன. மொழிபெயர்க்க எவரும் முன்வரவில்லை; தேவையும் இருக்கவில்லை.

இதே பூஜியனின் வூயி மலைகளுக்குத்தான் ரொபர்ட் போர்ச்சூன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1840களின் இறுதியில், சீனர்போல் உடையணிந்து சென்று, கிழக்கிந்தியக் கம்பனிக்காகச் செடிகளையும் விதைகளையும் தொழில்நுட்பத்தையும் இமயமலைச் சாரலுக்குக் கடத்திவந்தார். இலங்கைக்கோ 1824ஆம் ஆண்டே சீனத்துத் தேயிலைச் செடி பேராதனைப் பூங்காவுக்கு வந்துவிட்டது. ஆயினும் கோப்பி கொழித்த காலம் அது, எவரும் கவனிக்கவில்லை. 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டாண்டு கழித்துக் கோப்பியை இலைநோய் பிடித்தது. மலையகம் முழுவதும் தேயிலை ஆயிற்று. முன்னர் மனதில் வைக்கச் சொன்ன ஆண்டு இதுவே. நாகப்பட்டினத்தில் சீனக் கோபுரம் இடிந்த அதே ஆண்டில் கண்டிச் சீமையில் சீனத்துத் தாவரம் தோட்டப் பயிராக வேரூன்றிற்று. இரண்டுக்கும் காரணத் தொடர்பு ஏதுமில்லை. வணிகரின் கடல் முடிந்து கூலிகளின் மலை தொடங்கியதற்கு அடையாளமாக அதை நான் கொள்கிறேன்.

டெய்லர் 1892ஆம் ஆண்டு இறந்தார். அவர் உடலை லூல்கந்துரையிலிருந்து கண்டி மஹியாவ மயானம் வரை தோட்டத் தொழிலாளரே மாறி மாறிச் சுமந்து வந்தனர் என்று அவரைப் பற்றிய நூல்கள் கூறும். அவருக்குக் கல்லறை உண்டு. கல்லறையில் எழுத்தும் உண்டு. அது நியாயமே. சுமந்து வந்தவர்களின் பெயர்கள் எங்கே? முதல் 19 ஏக்கரில் குழி வெட்டியவர், கன்று நட்டவர் பெயர்கள் எங்கே? தாயார் கேட்ட மூட்டை தூக்கியவர்களின் பெயர்கள் எங்கே?

சுவான்சோத் தமிழர் கூட்டமாக அழிந்தும் நாம் அவர்களை அறிவதற்குக் காரணம், அவர்களுள் ஒருவர் நாளும் பெயரும் கல்லில் எழுதி வைத்தமையே. ஹக்கா மக்கள் தம்மைத் தாமே அறிவதற்குக் காரணம், பெயர்வரிசையை ஏட்டில் எழுதி வைத்தமையே. எழுதாத மக்களைப் பற்றி மற்றவர் எழுதுவர். மற்றவர் எழுதும்போது செக்ரோல் கணக்கே மிஞ்சும். கல் வாங்க எங்களிடம் காசில்லாமல் இருக்கலாம். ஓர் அப்பியாசக் கொப்பி வாங்க எவரிடமும் காசுண்டு.

திரும்பி வந்தபின் என் உயர்தர வகுப்பு மாணவர்க்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். தாய்வழியில் நால்வர், தந்தைவழியில் நால்வராக எட்டுப் பூட்டன் பூட்டிமாரின் பெயர்களையும், அவர்கள் தமிழகத்தில் எந்த ஊர், இங்கே எந்தத் தோட்டம், எந்த லயம் என்பதையும் வீட்டு முதியவரிடம் கேட்டு எழுதி வரவேண்டும் என்பதே அது. முப்பத்தொரு மாணவருள் எட்டுப் பெயரும் எழுதி வந்தவர் இருவர். பலர் மூன்று அல்லது நான்கோடு நின்றனர். ஊர்ப்பெயர் தெரிந்தவர் அதனினும் குறைவு. ஒரு மாணவி, தன் பூட்டியின் பெயர் தெரியாமல் "புள்ளைமடுவத்துக் கெழவி" என்று மட்டும் எழுதி வந்தாள். தோட்டத்தில் அவரை எல்லாரும் அப்படித்தான் அழைத்தார்களாம். அதையும் ஒரு பெயராகவே ஏற்று மதிப்பெண் இட்டேன். இம்முப்பத்தொரு தாள்களையும் கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு வகுப்பும் எழுதும்.

இக்கட்டுரையைக் கேட்கும், வாசிக்கும் அன்பர்கள் தூரதேசம் போக வேண்டியதில்லை. வீட்டில் ஒரு முதியவர் இருப்பாராயின், அவர் நினைவு தெளிவாயிருக்கும்போதே இன்று மாலை அருகிலிருந்து கேளுங்கள். கேட்டதைத் திகதியிட்டு எழுதுங்கள். சம்பந்தப் பெருமாளும் திகதியிட்டே எழுதினார்.